ஓசூர்ப் பிள்ளைகளுக்கு 32768 தெரிய வேண்டாமா?

சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு மில்லிங் பட்டறை நடத்துகிறேன். ஐடிஐ முடித்து வேலை கேட்டு வரும் பையன்களிடம், சான்றிதழை வாங்கிப் பார்க்கும் முன் ஒரு கணக்குக் கேட்பேன்: "32768-ஐ மீதமில்லாமல் எத்தனை முறை பாதியாக்கலாம்?" வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசுகிற பையன்கள், எண்ணுக்கு மட்டும் எல்லைத் தகராறு கிடையாது. ஆனாலும் பாதிப் பேர் செல்போனை எடுக்கிறார்கள். பகா எண் என்றால் என்ன என்று கேட்டால் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அது எதற்கு என்றால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எதற்கு என்று யாரும் காட்டவில்லை.

காட்டுவதற்கு ஊரிலேயே பொருள் இருக்கிறது. டாடாவும் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டு குவார்ட்ஸ் கடிகாரம் செய்தது. குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவற்றின் படிகம் நொடிக்கு 32768 முறை அதிரும். சர்க்யூட் அதைப் பாதியாக்கிக்கொண்டே போகும்: 16384, 8192, 4096... பதினைந்தாவது முறை ஒன்று. நொடிமுள் நகரும். கச்சிதமாக 32000 வைத்திருக்கலாமே என்றால், எட்டாவது பாதியில் 125 வந்து நின்றுவிடும். 32768-க்கு 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லை. இன்னொரு வேடிக்கை: தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 32767, ஒன்றே ஒன்று குறையும். 6-க்குச் சரியாக 6 வரும், 12-க்கு 16 வந்து மிஞ்சும். இரண்டின் அடுக்கு எதை எடுத்தாலும் ஒன்று குறையும். பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

பட்டறையில் கதை வேறு. கியருக்குப் பல் வெட்ட ஜாபைச் சம பங்காகத் திருப்பித் தரும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று திரும்பும். 60 பல் கியர் என்றால் பல்லுக்கு மூன்றில் இரண்டு சுற்று. 18 துளை வட்டத்தில் 12 துளை தள்ளினால் முடிந்தது. 61 பல் கேட்டால் வம்பு. 61 பகா எண், 40-உடன் சுருங்காது. வழக்கமான இன்டெக்ஸ் பிளேட்டில் 61 துளை வட்டமும் கிடையாது. மாற்றுக் கியர் பூட்டித்தான் வெட்ட வேண்டும். ஆனால் 20 பல் பினியனோடு ஓட 61-தான் உத்தமம். 60 என்றால் பினியனின் ஒரு பல் எந்நாளும் அதே மூன்று பற்களைத்தான் கடிக்கும். 61 என்றால் முறைவைத்து எல்லாப் பற்களையும் தொடும், தேய்மானம் பரவும். வெட்டுகிறவனுக்குத் தலைவலி, வாங்குகிறவனுக்கு லாபம்.

சிஎன்சி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பார்கள். கோணத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும், சரி. 60-ஆ 61-ஆ என்று முடிவு செய்வது ஆள்தானே? அந்த நாற்காலி மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி தினமும் வந்துபோகும் இன்ஜினியர்களுக்குத்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் காரணிகள் பாடம் நடக்கும் வாரம், ஒரு பழைய டிவைடிங் ஹெட்டும் பிரித்த கடிகாரமும் வகுப்புக்கு வரட்டும். காயலான் கடையில் தேடினாலே கிடைக்கும். கம்பெனிகள் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிட மலிவு. கேள்வித்தாளிலும் '61 பகா எண்ணா?' என்பதோடு நிறுத்தாமல், '20 பல் பினியனுக்கு 60 பல்லா, 61 பல்லா, ஏன்?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.