எங்களை ஆசீர்வதியும் – எதற்காக?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல தேவாலயங்களில் ஒரு வழக்கம் உண்டு. சிறு அட்டைகளில் வேத வசனங்களை அச்சிட்டுத் தட்டில் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'வாக்குத்தத்த வசனம்' என்பது அதன் பெயர். அந்த அட்டை ஆண்டு முழுவதும் பணப்பையிலோ வேதாகமத்தின் இடையிலோ பத்திரமாக இருக்கும்.

67-ஆம் சங்கீதத்தின் வேண்டுதல் தமக்கு வந்துவிட்டால் பலருக்கும் மகிழ்ச்சி. கடவுள் எங்களுக்கு இரங்க வேண்டும், எங்களை ஆசீர்வதிக்க வேண்டும், அவர் முகத்தின் ஒளி எங்கள்மேல் வீச வேண்டும் என்பது அதன் கருத்து. படித்தவுடன் மகனின் வேலை, மகளின் திருமணம், அடைபடாத வீட்டுக் கடன் எல்லாம் மனத்தில் வந்து நிற்கும். அதில் தவறில்லை. துன்பப்படுகிறவன் தனக்காக வேண்டிக்கொள்ளாமல் வேறு யார் வேண்டுவார்?

ஆனால், அந்த அட்டையில் இருப்பது பாதி வாக்கியம் மட்டுமே என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

சீர்திருத்த சபையார் சங்கீதம் என்றும், கத்தோலிக்கர் திருப்பாடல் என்றும் வழங்கும் தொகுப்பில் இது மிகச் சிறிய பாடல்களுள் ஒன்று. ஏழே வசனங்கள். இதன் வேர் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆசாரியனாகிய ஆரோன் மக்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டுள்ளது. அங்கு ஆசாரியன் மக்களை நோக்கிக் கூறுகிறான். இங்கு மக்களே அதைத் தங்கள் வாயில் வாங்கி வேண்டுகிறார்கள். அப்படி வாங்கும்போது ஆரோனின் வாய்மொழியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுதான் காரணம். பூமியெங்கும் உமது வழி தெரிய வேண்டும், எல்லா இனத்தாரும் உமது மீட்பை அறிய வேண்டும், அதன் பொருட்டு எங்களை ஆசீர்வதியும் என்கிறார்கள்.

எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டுதல் முன்னே நிற்க, நோக்கம் பின்னே வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்திலோ முறை மாறியிருக்கிறது. வினைமுற்று இறுதியில் வருவது தமிழின் இயல்பு. ஆகவே நோக்கம் முதல் வசனமாகவும் வேண்டுதல் இரண்டாம் வசனமாகவும் அமைந்துவிட்டன. தமிழில் இச்சங்கீதத்தைப் படிப்பவர் உலகத்தை நினைக்காமல் தம்மை நினைக்க வழியே இல்லை! அட்டை அச்சிடுகிறவர்கள்தாம் முதல் வசனத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய மொழிபெயர்ப்பில் 'ஜாதிகள்' என்று வருவது நாம் இன்று பேசும் சாதியன்று. நாடுகள், இனங்கள் என்பதே பொருள். அவர்கள் தோற்க வேண்டும், அடங்க வேண்டும் என்று பாடல் கேட்கவில்லை. அவர்கள் மகிழ வேண்டும், துதிக்க வேண்டும் என்றே கேட்கிறது. நடு வசனம் அந்த மகிழ்ச்சிக்குக் காரணமும் சொல்கிறது. கடவுள் மக்களுக்கு நேர்மையாக நீதி வழங்குகிறார் என்பதே அது. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு விளக்கம் தேடி எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. நம் நகரத்தின் வடபுறக் கடற்கரையில், தும்பாவில், மகதலேனா மரியாள் தேவாலயம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், விண்வெளி ஆய்வுக்கு ஏவுதளம் அமைக்க விக்ரம் சாராபாய் இடம் தேடினார். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்வதால் அதுவே ஏற்ற இடம் என்று கண்டார்கள். ஆனால் அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுடைய தேவாலயமும் ஆயர் இல்லமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைச் சந்தித்தார். ஆயர் தாமே முடிவு சொல்லாமல், ஞாயிறு வழிபாட்டில் மக்கள்முன் அந்தக் கேள்வியை வைத்தார். மக்கள் 'ஆமென்' என்றார்கள். இராமேசுவரத்தில் பிறந்த நம் அப்துல் கலாம் இந்நிகழ்ச்சியை நெகிழ்ச்சியோடு பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தேவாலயமே விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. அது அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி. 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி அத்தளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். அமெரிக்கரும் ரஷ்யரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே கடற்கரையில் ஆய்வு செய்தனர். ஒரு மீனவச் சிற்றூர் தன் கோவிலைக் கொடுத்தது. பல நாடுகள் பயன்பெற்றன. சங்கீதத்தின் நோக்கம் இதைவிடத் தெளிவாக வேறெங்கே கண்முன் நிறைவேறியிருக்கிறது?

இதில் நமக்கும் ஒரு கணக்கு உண்டு. விண்வெளி மையத்தின் வேலையை நம்பி இந்நகருக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! நம் பிள்ளைகள் படித்ததும், நாம் வீடு கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான். அப்படியானால் இடம்பெயர்ந்து பள்ளித்துறையில் குடியேறிய அம்மக்களின் பங்கு நம் வீட்டுச் சோற்றில் இருக்கிறது. இதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. மறப்பதற்குத்தான் கூச்சப்பட வேண்டும்.

கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தது என்ன? ஒன்றுமே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் கண்டு சொல்ல, மீன் எங்கே கிடைக்கும் என்று ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் மீனவர்க்கு அறிவிக்கிறது. ஆயினும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நடந்ததை மறக்க முடியுமா? எச்சரிக்கை கரையை எட்டிய நேரத்தில் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். பூந்துறை, விழிஞ்ஞத்திலும், எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையிலும் எத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்தது! மலையாளம் பேசிய வீட்டுக்கும் தமிழ் பேசிய வீட்டுக்கும் அன்று வேறுபாடில்லை. நாட்டின் முதல் ராக்கெட் எழுந்த கடற்கரையிலிருந்து வெகுதூரம் இல்லாத ஊர்கள் இவை. கரையிலிருந்து தொலைவில் இருக்கும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் கருவி 2019-இல்தான் அறிமுகமாயிற்று. ஆசீர்வாதம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. கொடுத்தவன் வாசலுக்கு மட்டும் தாமதமாக வந்தது. நடு வசனம் நீதியைப் பற்றிப் பேசுவது இதற்காகத்தான் என்று நான் எண்ணுகிறேன்.

ஒக்கிக்கு அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. அப்போது இதே கடற்கரை மக்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர்ப் பக்கமும் பத்தனந்திட்டைப் பக்கமும் போனார்கள். முன்பின் தெரியாதவர்களைக் கூரைகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் இறக்கிக் கரை சேர்த்தார்கள். எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்கவில்லை. பிழைப்புக்கு இருந்த ஒரே முதலான படகு உடைந்தால் என்ன செய்வது என்று தயங்கி நிற்கவுமில்லை. நிறைய இருப்பவன்தான் கொடுக்க முடியும் என்று நினைக்கிறோம். தங்களிடம் இருந்த கொஞ்சத்தையே பிறர்க்கு உரியதாக எண்ணியவர்களை அந்த வெள்ளம் காட்டியது.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய போதனை அன்று. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரம் சொல்வதும் இதைத்தான். மழை கைம்மாறு எதிர்பார்த்துப் பெய்வதில்லை. ஊருணி நிறைந்தால் அந்த நீர் ஊருக்கே, ஊருணிக்கு அன்று. சங்கீதத்தின் ஆறாவது வசனத்தில் நிலம் தன் பலனைத் தருகிறது. நிலமும் விளைந்ததைத் தானே உண்பதில்லையே!

ஆகவே என் கருத்து இதுதான். 'எங்களை ஆசீர்வதியும்' என்று தாராளமாகக் கேட்போம். ஆனால் கேட்கும்போதே யாருக்காக என்பதையும் சொல்லிப் பழகுவோம். பதவி உயர்வு வந்தால் அதில் பிறர்க்கு என்ன பங்கு என்று அன்றைக்கே எண்ணிப் பார்ப்போம். நம் சங்கம் ஆண்டுதோறும் நல்ல மதிப்பெண் பெற்ற உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசு தருகிறது. அந்தப் பட்டியலில் கடற்கரைப் பள்ளிகளில் படிக்கும் சில பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமே! கணிதமும் அறிவியலும் சொல்லித்தர, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை போதும். இதைத் தருமம் என்று சொல்ல வேண்டாம். பழைய கடனில் ஒரு சிறு தவணை என்று சொல்வோம்.

வரும் புத்தாண்டு இரவில் யாருக்கேனும் இந்த வசனம் வந்தால், வீட்டுக்கு வந்ததும் ஒரு பேனாவை எடுங்கள். அட்டையின் பின்புறத்தில், விட்டுப்போன முதல் வசனத்தை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.