ரயில் வந்தாச்சு... லாரி வாங்கலாமா?

கேள்வி: “மதுரை-போடி ரயில் பாதை மறுபடியும் வந்துவிட்டது. இனி வாழை, தேங்காயெல்லாம் ரயிலில் போகும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். இருக்கிற இரண்டு ஏக்கரை அடமானம் வைத்து, மகனுக்குச் சின்ன லாரி வாங்கிக் கொடுக்கலாமா?”
- வாசகர், சின்னமனூர்.

பதில்: ரயிலை மட்டும் நம்பி நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். தண்டவாளம் வந்துவிட்டால் சரக்கும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

போடி பாதை 1928-ம் ஆண்டு போடப்பட்டதே மலை விளைபொருள்களைக் கீழே கொண்டு போகத்தான். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் மாதம் போடி வரையும் ரயில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சரக்கு முழுக்க லாரிக்குப் போய்விட்டது. கமிஷன் மண்டி, தரகர், வாடகைப் பேச்சு என்று எல்லாமே லாரியைச் சுற்றி அமைந்துவிட்டன.

ரயிலுக்கென்று ஒரு கணக்கு உண்டு. முழுச் சரக்கு ரயில் என்றால் 2,000 டன்னுக்கு மேல் வேண்டும். அது சிமென்ட், உரம், நெல்லுக்குச் சரி. காய்கனிக்கு ஏற்றது பார்சல் வேன். ஒரு வேனில் சுமார் 23 டன் ஏற்றலாம். தார் 23 கிலோ என்று வைத்தால் 1,000 வாழைத்தார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்களின் தார்கள் ஒரே நாளில் வெட்டுக்கு வருவதில்லை. ஆகவே, பலர் சேர்ந்தால்தான் வேன் நிறையும். வழியில் உள்ள நிலையங்களில் ரயில் நிற்பது சில நிமிடம்தான். புறப்படும் நிலையத்தில்தான் நிதானமாக ஏற்ற முடியும்.

இதற்கு முன்னுதாரணம் ‘கிசான் ரயில்’. 2020 ஆகஸ்ட் 7-ம் தேதி மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாபூருக்கு முதல் ரயில் போனது. அடுத்த மாதமே ஆந்திராவின் அனந்தபூரிலிருந்து டெல்லிக்குப் பழங்கள் போயின. சிறு விவசாயியின் 50, 100 கிலோவையும் அதில் ஏற்றிக்கொண்டார்கள். கட்டணத்தில் 50 சதவிகிதத்தை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. ஆனால், மானியம் என்றைக்கும் இருக்காது. மானியம் இல்லாத கட்டணத்தில் கட்டுப்படியாகிறதா என்று பார்ப்பதே பத்திரம்.

வேலை விஷயத்துக்கு வருவோம். நிலையத்தில் கிடைப்பது சுமை ஏற்றி இறக்கும் வேலை. அது சிலருக்குத்தான். அதிகம் பேருக்கு வேலை தருவது, ஊரில் அமையும் சிப்பம் கட்டும் கூடம். தாரைச் சீப்பாகப் பிரிக்க, படிகார நீரில் பால் போகக் கழுவ, தரம் பிரிக்க, 13 கிலோ பெட்டியில் அடுக்க, எடை எழுத ஆள் வேண்டும். குளிர் அறையை 13-14 டிகிரியில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஐ.டி.ஐ படித்த பிள்ளை வேண்டும். பெண்களுக்கும் ஊரிலேயே கூலி கிடைக்கும். இந்தக் கூடம் இல்லாத ஊரில், ரயில் வந்தாலும் விளைச்சல் தாராகவே வெளியேறும். கூலி வெளியூருக்குப் போகும்.

கூடம் கட்ட, 2020-ல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதி இருக்கிறது. 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு, அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகை உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், சுய உதவிக்குழு, தனி விவசாயி என எல்லோரும் கேட்கலாம். இப்போதைய நிலவரத்தை வங்கியிலோ, வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்வது நல்லது.

லாரிக்கு முன்பு செய்ய வேண்டியவை மூன்று.

1. பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் உட்கார்ந்து, எந்த வாரம், யாரிடம், எத்தனை டன் வெட்டுக்கு வரும் என்று மூன்று மாதத்துக்கு எழுத வேண்டும். அந்தத் தாளோடு உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் மதுரைக் கோட்ட ரயில்வேயின் வணிகப் பிரிவை அணுகினால், பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

2. தோட்டத்திலிருந்து நிலையம், ஏற்றுக்கூலி, ரயில் கட்டணம், இறக்குக்கூலி, அங்கிருந்து சந்தை, வழியில் சேதம் என எல்லாவற்றையும் கூட்டி, நேரே லாரியில் போகும் செலவோடு ஒப்பிட வேண்டும். ரயில் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். தூரம் கூடக் கூடத்தான் ரயில் லாபம். மதுரை வரைக்கும் லாரியே போதும்.

3. மகன் ஒரு வெட்டுப் பருவம் முழுக்க வாடகை வண்டி ஓட்டிப் பார்க்கட்டும். மாதத்தில் எத்தனை நாள் லோடு, எத்தனை நாள் சும்மா என்று நோட்டில் எழுதட்டும். லாரிக் கடனுக்குத் தவணை மாதாமாதம் வரும். வாழை வருமானம் அப்படி வராது.

அந்த நோட்டில் தவணைக்கு மேல் மிச்சம் தெரிந்தால், பிறகு லாரியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் லாரியையே ஈடாக வைத்துக் கடன் வாங்கட்டும். இரண்டு ஏக்கர் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.