நட்சத்திரத்துக்குச் சன்மானம், பாட்டெழுதியவருக்கு நாமமா?



கட்கியிலும் தேஹு ரோட்டிலும் வாழும் நமக்கு ஒரு காலத்தில் தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால், ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் ஒலிநாடா வரவேண்டும். இன்று கைப்பேசியைத் தட்டினால் போதும். இந்த வசதியை நாம் பழிக்கவில்லை. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு அது ஆறுதல்தான். ஆனால் அதை நமக்கு விற்க வரும் முகம் யாருடையது? அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டில் அனில் கபூரையும் இஷான் கட்டரையும் வைத்து, 'கேட்டுக்கொண்டே இரு' என்று இந்தியில் விளம்பரம் செய்தது. இருவரும் நடிகர்கள். பாட்டுக்குத் திரையில் வாயசைப்பவருக்கு விளம்பரத்திலும் கூலி! அந்தப் பாட்டை எழுதியவர் எங்கே? மெட்டமைத்தவர் எங்கே? வயலினும் தபேலாவும் வாசித்துவிட்டு அன்றைய கூலியோடு பஸ் ஏறிப் போனவர் எங்கே?

இது இன்று முளைத்த அநீதி அல்ல. கூலி கொடுத்துப் படத்துக்காக எழுதவைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடகருக்கும் உரிமை வேண்டுமென்று அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு எழுதினார். 35 ஆண்டுகள் கழித்து, 2012இல்தான் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு உண்டு. கையெழுத்து வாங்கி அதைப் பறிக்க முடியாது என்கிறது சட்டம். இதை எந்த நட்சத்திரமாவது விளம்பரத்தில் சொன்னதுண்டா?

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி: முந்தைய 12 மாதங்களில் 1000 முறை கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பணம் கிடையாது. 999 முறை கேட்கப்பட்ட நாட்டுப்புறப் பாடகருக்கு வெறுங்கை. அவருக்குச் சேரவேண்டியது, அதிகம் கேட்கப்படுகிறவர்களின் பங்கில் போய்ச் சேர்கிறது. பெரிய இடத்துப் பந்தியில் ஏழைக்கு இலை போடுவதில்லை என்பது இதுதான்!

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. சொன்ன பொய்க்குத் தண்டம், சரி. சொல்லாமல் மறைத்த உண்மைக்கு?

நாம் வாழும் மண்ணையே பாருங்கள். தேஹு ரோட்டுக்குப் பக்கத்தில்தான் துக்காராம் பிறந்த தேஹு இருக்கிறது. அபங்கத்தின் முடிவில் அவர் தன் பெயரை வைத்தார். ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்குப் பாடி நடக்கும் வார்கரிகள் அந்தப் பெயரையும் சேர்த்தே பாடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞருக்குக் கால்நடையாகப் போகும் ஏழை மக்கள் தரும் மரியாதையை, கோடிகளில் புரளும் நிறுவனங்கள் இன்றைய பாடலாசிரியருக்குத் தரக்கூடாதா?

நாம் கேட்பது பிச்சையல்ல. பாட்டை வைத்து விளம்பரம் செய்தால், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் பெயர்களும் அதில் வரட்டும். 1000 என்ற வரம்பு ஒழியட்டும். நம் சங்க மேடையிலும் இனி எந்தப் பாட்டையும், எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டே பாடுவோம். பிறரைக் கேட்குமுன் நாம் செய்து காட்டுவோம்.

முகத்துக்குக் கொடுக்கப் பணமிருக்கிறது. பேனாவுக்குக் கொடுக்க மட்டும் இல்லையா?