ஒன்பது கோல்களையும் அச்சிடுங்கள்

ஆண்டறிக்கைத் தமிழில் 'கலந்துகொண்டது' என்றொரு வினைமுற்று உண்டு. வென்றால் 'வாகை சூடியது' என்போம். இறுதிச் சுற்றில் தோற்றால் 'இரண்டாமிடம் பெற்றது' என்போம். இவ்விரண்டுக்கும் வழியில்லாதபோது 'கலந்துகொண்டது' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடுவோம். சென்ற கல்வியாண்டில் கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டியில் நம் கல்லூரி அணி கலந்துகொண்டது. ஒன்பது கோல்கள் வாங்கியது, ஒன்றுகூடப் போடவில்லை. ஒரு சொல்லின் பின்னால் ஒன்பது கோல்கள் ஒளிந்துகொள்ள இடமிருப்பதைத் தமிழாசிரியன் என்ற முறையில் வியக்கிறேன். ரசிகன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் ஆடியவனல்லன். மாணவப் பருவத்தில் பந்து என்மீது பட்டதுண்டே தவிர, நான் பந்தைத் தொட்டதில்லை. ஆயினும் விரிவுரையாளனாக இங்கு வந்த நாள்முதல், மாலை நேரப் பயிற்சியைக் காண்பது என் வழக்கம். மைதானத்தின் மேற்குப் படிக்கட்டில் வேப்பமரத்து நிழல் விழும் இடம் எனக்குரியது என்பதை உடற்கல்வித் துறையினரும் ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஆகவே போட்டி நடந்த வெளியூர்க் கல்லூரிக்கு மாணவர்களின் பேருந்துகள் புறப்பட்டபோது, நானும் ஏறிக்கொண்டேன். சமுதாயப் பெரியோர்கள் சிலரும் கார்களில் வந்திருந்தனர்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதற் கால்மணி நேரம் சமமாகவே சென்றது என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. பிறகு ஒரு மூலை உதை. நம் தடுப்பாட்டக்காரர்கள் இருவர், பந்தை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி நின்றனர், எதிரணியினர் ஒருவர் தலையால் முட்டினார், கோல். இடைவேளையின்போது மூன்று. பிற்பாதியில் எதிரணியினர் பந்தை மைதானத்தின் இரு ஓரங்களுக்கும் மாறி மாறி அனுப்பினர். நம் பிள்ளைகள் நடுவிலேயே நெருங்கி நின்றனர். ஓரத்துக்கு ஓடிச் சென்று சேர்வதற்குள் பந்து அங்கிருந்து போய்விட்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான்காவது கோலுக்குப் பின் மாணவர்கள் பேருந்துகளில் போய் அமரத் தொடங்கினர். பெரியோர்கள் அஸர் தொழுகைக்கு அருகிலிருந்த பள்ளிவாசலுக்குச் சென்றனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. தொழுகை முடிந்து மைதானத்துக்குத் திரும்பியவர்கள் மூவரே என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஆறாவது கோல் விழுந்தபோது நானும் எழுந்தேன். மறைப்பதற்கில்லை. கீழிறங்கி நாலடி நடந்தபோது, எதிரணி அடித்த பந்தொன்று கம்பத்தை விட்டு விலகிப் பின்னாலிருந்த கருவேலம்புதருக்குள் சென்றது. முற்பாதியில் அங்கு நின்று பந்தை எடுத்தெறிந்த நம் முதலாமாண்டு மாணவர்கள் அப்போது அங்கில்லை, பேருந்தில் இருந்தார்கள். நம் கோல் காவலரே புதருக்குள் ஓடினார். ஆறு கோல் வாங்கிய அணிக்குக் காலதாமதம் இலாபம். அவர் நடந்து சென்றிருக்கலாம், முள்ளைச் சாக்காகச் சொல்லி நின்றிருக்கலாம். ஓடிச்சென்று எடுத்து, ஓடிவந்து வைத்து உதைத்தார். எனக்கு வெட்கமாயிற்று. கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எஞ்சிய நேரமெல்லாம் விலகிவந்த பந்துகளை எடுத்துக் கொடுத்தவன் அடியேன்தான். கடைசி மூன்று கோல்களையும் வலைக்குப் பின்னாலிருந்தே கண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ஆறுதலாக ஏதோ சொல்ல முயன்றேன். அந்த மாணவர் கையுறையைக் கழற்றியபடியே, "ஐயா, பதினான்கு வந்தது, ஐந்தைத்தான் பிடிக்க முடிந்தது" என்றார். இலக்கணம் போல் கச்சிதமான கணக்கு. அன்று நான் கேட்ட பேச்சுகளில் இது ஒன்றே உபயோகமானது.

மற்றப் பேச்சுகள் பலவிதம். நடுவர் சரியில்லை என்றனர் சிலர். முந்தின நாள் மழையில் தரை வழுக்கியது என்றனர் சிலர். வழுக்கல் இரு அணிக்கும் ஒன்றுதானே என்று நம் அணித்தலைவரே அதை மறுத்துவிட்டார். இன்னொரு பக்கம், ஐந்தாவது கோலில் நம் வீரர் ஒருவர் தடுமாறி விழுந்த காட்சி அன்றிரவுக்குள் விடுதி முழுவதும் கைப்பேசிகளில் ஓடியது. ஆட்டத்தைக் கடைசிவரை பாராதவர்களே அதை அதிகம் பார்த்துச் சிரித்தனர். இவையெல்லாம் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிட்டன. ஓயாதது மூன்றாவது பேச்சு. நான் பெரிதும் மதிக்கும் ஹாஜியார் ஒருவர், இக்கல்லூரியின் பழைய மாணவர், ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கட்டணம் கட்டியவர், என்னிடம் சொன்னார்: "பேராசிரியரே, காசும் போய்ப் பெயரும் கெடவேண்டுமா? இரண்டொரு வருடம் அணியை நிறுத்திவைத்தால் என்ன?" இக்கருத்து இப்போது வேறு சிலரிடமும் பரவியிருக்கிறது. அதற்கு மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழாசிரியனுக்குத் தோல்வி என்றதும் புறநானூறு நினைவுக்கு வரும். வெண்ணிப் போரில் வென்றவன் கரிகாற்சோழன். முதுகில் புண்பட நேர்ந்ததற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டவன் சேரமான். வென்ற கரிகாலனை நேர்நின்று நோக்கி, உன்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். துணிவான பாட்டு. ஆயினும் அதைத் துணைக்கழைத்து, நாம் தோற்றும் வென்றோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது கோல் வாங்கியவர்கள் வடக்கிருக்க வேண்டியதில்லை; அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தால் போதும். புலவரின் ஆறுதலைவிட நமக்குப் பயன்படக்கூடிய வேறொரு தோல்வி இந்திய வரலாற்றிலேயே இருக்கிறது.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சைச் சந்தித்தது. நம் வீரர்களிற் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். கிடைத்த இரு பெனால்டி உதைகளையும் வீணாக்கினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட, ஆட்டம் 1-2 என முடிந்தது. நூலிழைத் தோல்வி. வெறுங்காலால் இவ்வளவு ஆடினார்களே என்று அனைவரும் பாராட்டினர். பாராட்டு நம் காதில் இனித்தது. கால் வெறுங்காலாகவே இருந்தது. 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் வென்றோம். இனி என்ன குறை?

அடுத்த ஆண்டு, 1952 ஜூலையில், ஹெல்சிங்கி நகரில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 எனத் தோற்கடித்தது. இடைவேளைக்குள்ளேயே ஐந்து. ஆட்டம் முடியப்போகும் வேளையில் அஹமத் கான் போட்ட ஒரு கோல்தான் நமக்குக் கிடைத்தது. அன்றும் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதற்குப் பின்னரே இந்தியக் கால்பந்துச் சங்கம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது. 1948இன் சிறு தோல்வி நமக்குப் புகழுரையைத் தந்தது. 1952இன் பெருந்தோல்வி பூட்ஸைத் தந்தது. எது நமக்கு நன்மை செய்தது என்று சிந்திக்க வேண்டும்.

ஹெல்சிங்கிக்குப் பின் யாரும் அணியை நிறுத்திவைக்கவில்லை. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் அவர்கள். அவர் தொழிலால் பள்ளியாசிரியர் என்பதைச் சொல்வதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி, நெவில் டிசூசாவின் மூன்று கோல்களுடன், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. அங்கே எதிரில் வந்து நின்றது அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதற்கோலைப் போட்டது இந்தியா! இறுதியில் 1-4 எனத் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பத்து, நான்காகக் குறைந்தது. நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்குமேல் இன்றுவரை சென்றதில்லை. 1962இல் ஜகார்த்தாவில், முதற்சுற்றில் தன்னை வென்றிருந்த தென்கொரியாவையே இறுதி ஆட்டத்தில் 2-1 என வென்று, ரஹீம் அவர்களின் அணி மீண்டும் ஆசியத் தங்கத்தைப் பெற்றது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

நம் பிள்ளைகள் ஒலிம்பிக் வீரர்கள் அல்லர் என்று யாரேனும் கூறலாம். அறிவேன். நான் கேட்பது தங்கமன்று. நம்முடைய வெறுங்கால் எது என்பதைத்தான் கேட்கிறேன். அது அந்த மைதானத்திலேயே தெரிந்தது. சென்ற பருவமழைக் காலம் முதல், புதிய வகுப்பறைக் கட்டடத்துக்கான மணலும் கம்பியும் நம் மைதானத்தின் வடபாதியில் குவிக்கப்பட்டிருக்கின்றன. மாதக்கணக்கில் நம் அணி அரை மைதானத்தில்தான் பயிற்சி செய்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாள்தோறும் அதைப் பார்த்தவன் நான். வாய்திறந்து ஒரு சொல் சொன்னவனல்லன். அரை மைதானத்தில் பழகிய கால்கள் முழு மைதானத்தின் ஓரங்களுக்கு எப்படிச் சென்று சேரும்? முற்பாதியில் மூன்று, பிற்பாதியில் ஆறு. இந்தக் கணக்கை விளக்க நடுவரும் தேவையில்லை, மழையும் தேவையில்லை. இதனுடன் பருவத் தேர்வு முடிந்து பயிற்சிக்குக் கிடைத்த நாட்கள் மிகச் சில என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டடம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. வகுப்பறையில் இடமின்றி நெருங்கி அமர்ந்திருக்கும் மாணவியருக்குப் பாடம் நடத்துபவன் நான். மணலை வாயிலருகே உள்ள வெற்றிடத்துக்கு மாற்ற நாலு வண்டிக் கூலி ஆகும். ஹாஜியார் அவர்களே, அணியை நிறுத்தினால் மிச்சமாகும் தொகையைவிட அது குறைவாகவே இருக்கும் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டறிக்கையில் விளையாட்டுத் துறைப் பகுதியில் 'கலந்துகொண்டது' என்பதை நீக்கி, 0-9 என்றே அச்சிடுமாறு கேட்டிருக்கிறேன். இடமிருந்தால், தடுக்கப்பட்டவை ஐந்து என்பதையும் சேர்க்கலாம். குழுவில் உள்ள நண்பர் ஒருவர், விருந்தினர்கள் படிக்கும் மலராயிற்றே என்று தயங்குகிறார். இன்னும் முடிவாகவில்லை.

கோல் காவலர் இவ்வாண்டு மூன்றாமாண்டுக்கு வந்துவிட்டார், அணியிலும் தொடர்கிறார். நேற்று மாலை வழக்கமான இடத்தில் அமர்ந்து பார்த்தேன். பதினைந்து பேர் பயிற்சிக்கு வந்திருந்தனர். மணற்குவியல் அப்படியே இருந்தது. பந்து அதில் போய்ப் புதைந்தபோது ஒருவர் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.