வருமானச் சான்றிதழ் போதாதா?

"உங்கள் வாழ்வில் நீங்கள் சந்தித்த பெரிய சவால் எது? அது உங்களை எப்படி மாற்றியது?"

இந்தக் கேள்வியை முதன்முதலில் விண்ணப்பப் படிவத்தில் எழுதிய ஆளைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக்கொடுத்து, "மொதல்ல ஒங்க கதையச் சொல்லுங்க சார், நாங்க நாலு பேரு உக்காந்து மார்க் போடுறோம்" என்று கேட்க வேண்டும். ரொம்ப நாள் ஆசை.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரைக்கு 650 சொற்கள் வரை இடம் உண்டு. நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. கோட் எழுதிப் பிழைக்கும் நான், ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எழுத உதவிக்கொண்டிருக்கிறேன். 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அங்கேதான் கூடுகிறோம். உள்ளே சத்தமாகப் பேச முடியாது என்பதால் பாதி வகுப்பு டீக்கடையில் நடக்கும். காசு வாங்குவதில்லை. அதனால் என்னை யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: "நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை, பிள்ளைகளிடமிருந்து நாங்கள்தான் கற்றுக்கொண்டோம்." லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற ஆலோசகர்களும் இதைச் சொல்வார்கள், என்னை மாதிரி இலவசக் கிராக்கிகளும் சொல்வோம். சரி, நான் என்ன கற்றேன்? எந்தத் துன்பம் விலைபோகும் என்று கற்றேன். அப்பா இறந்திருந்தால் முதல் வரியிலேயே இறந்துவிட வேண்டும். அம்மா கையின் காய்ப்பு இரண்டாம் பத்தியில் வரலாம். கரண்ட் இல்லாத வீடு பழசாகிவிட்டது. கடைசிப் பத்தியில் லேசாக ஒரு வெளிச்சம், ஆனால் முழு வெளிச்சம் கூடாது. அதைக் கொடுக்கப்போவது அந்தப் பல்கலைக்கழகம்தானே.

பிள்ளைகள் என்னிடம் வரும்போது இதெல்லாம் தெரியாமல்தான் வருகிறார்கள். நம் பள்ளிக்கூடக் கட்டுரையில் 'நான்' கிடையாது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. பக்கத்தில் கோனார் உரை. மழைநீர் சேகரிப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதும் பிள்ளை, தன் தெருக்குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று எழுதாது. எழுதினால் மார்க் கிடைக்காது என்று அதற்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் 'நான்' என்று எழுதாத கையிடம் திடீரென்று, உன்னைப் பற்றி, இங்கிலீஷில், உள்ளத்தைத் திறந்து எழுது என்கிறோம். அது பாவம், "நான் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், ஐ.ஏ.எஸ். ஆகி நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்று எழுதிக்கொண்டு வருகிறது. நாங்கள் உதட்டைப் பிதுக்குகிறோம். "உயிர் இல்லையேம்மா" என்கிறோம். பிறகு தோண்ட ஆரம்பிக்கிறோம்.

அப்படித் தோண்டிய ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வருடம் வந்த பெண். பெயர் வேண்டாம். அப்பாவுக்கு அரை ஏக்கர் மல்லிகைக் கொல்லை. விடிவதற்கு முன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு எடுத்து, அது விரிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் எழுதி வந்தது வழக்கமான ஐ.ஏ.எஸ். கட்டுரை. நான் கேட்டேன், "அப்பா குடிப்பாரா?"

"சனிக்கெழமை குடிப்பாருண்ணே."

"அடிப்பாரா?"

ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு தடவ. எட்டாவது படிக்கையில."

"அத மொத வரியில வை" என்றேன்.

வைத்தாள். நன்றாகவே வந்தது. அதில் இன்னொரு வரியும் இருந்தது: இரவு ஒன்பது மணிக்கு டியூஷன் விடும்போது எதிர்ச் சந்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்பார், மூன்று வருடத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. அந்த வரியை வெட்டியது நான்தான். கட்டுரையின் ஓட்டத்துக்கு இடைஞ்சல், படிப்பவர் குழம்பிவிடுவார் என்று காரணமும் சொன்னேன். ஒரே மனிதர் அடிக்கவும் செய்வார், சைக்கிளோடு நிற்கவும் செய்வார் என்றால் 650 சொற்களுக்குள் அடங்காதாம்.

இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. எல்லோரும் கொண்டாடினோம். முதல் செமஸ்டர் லீவுக்கு வந்தவள் சொன்னாள்: நன்கொடையாளர்கள் கூட்டம் ஒன்றில் அவள் கட்டுரையிலிருந்து வாசித்தார்களாம். கைதட்டினார்களாம். "அங்க எல்லாத்துக்கும் எங்கப்பா அடிக்கிற ஆளுன்னுதாண்ணே தெரியும்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தகவல் மாதிரி சொன்னாள்.

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியபோது, மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலன்' பார்க்க வேண்டும் என்று சேர்க்கை முறையை மாற்றினார்கள். ஜெரோம் கராபெல் 2005இல் 'தி சோசன்' என்ற தடித்த புத்தகத்தில் இந்தக் கதையைச் சொல்கிறார். முழு மனிதரையும் பார்க்கிறோம் என்ற பேச்சின் பூர்வோத்திரம் இது.

நம்மூரிலும் பார்த்திருக்கிறோம். 1970 வாக்கில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., சமூக சேவை, உடல் திறன், பொதுத்திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள்; ஆனால் எதற்கு எத்தனை என்ற பிரிவினை இல்லை, மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. 1980இல் அஜய் ஹசியா வழக்கில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி 150க்கு 50 மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு வைத்திருந்ததைப் பார்த்து, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. ஆளைப் பார்த்து எடை போடுகிற அதிகாரம் யார் கையில் இருந்தால் யாருக்கு லாபம் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் இங்கிலீஷில் அழகான பெயர் வைத்தால் மயங்கிவிடுகிறோம்.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஆனால் இனம் தன்னை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பரிசீலிக்கத் தடையில்லை என்றும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். கொள்கையாக இருந்தது கதையாக மாறிவிட்டது, கவனியுங்கள். இனி கறுப்பினப் பிள்ளை தன் காயத்தை நல்ல நடையில் எழுதியாக வேண்டும். நடை வராத பிள்ளை?

இதற்குப் பக்கத்தில் நம் 7.5 சதவீத இடஒதுக்கீட்டை வைத்துப் பாருங்கள். 2020இல் மருத்துவத்துக்கும் அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்று மட்டும் அது கேட்கிறது. அப்பா குடிப்பாரா என்று கேட்பதில்லை. வறுமை தெரிய வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழ் கேளுங்களய்யா. தாலுகா ஆபீசில் வாங்கித் தருவார்கள். அதற்கு அலைவதும் கஷ்டம்தான், ஆனால் அங்கே யாரும் இரண்டாம் பத்தியில் இன்னும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டும் என்று சொல்வதில்லை.

"அப்போ மார்க் மட்டும் போதும்கிறியா?" என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இல்லை. 200க்கு இத்தனை என்ற கட்ஆப் எண்ணாகக் கவுன்சலிங்குக்குப் போய், அந்த எண்ணாகவே நாலு வருடம் ஹாஸ்டலில் கிடந்தவன் நான். சொந்தமாக ஒரு பத்தி எழுத எனக்கு இருபத்தாறு வயதானது. எழுதச் சொல்லுங்கள், நல்லதுதான். "நீ பட்டது என்ன" என்று கேட்காமல் "உனக்குத் தெரிந்து எங்களுக்குத் தெரியாதது என்ன" என்று கேளுங்கள். தமிழில் எழுத விடுங்கள். சாட்ஜிபிடியிடம் மதுரைப் பக்கத்து ஏழைப் பெண் எழுதுவதுபோல் விண்ணப்பக் கட்டுரை கேட்டுப் பார்த்தேன். சில நொடிகளில் காய்ப்பேறிய கை, கடைசி வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டது. நான் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்த அதே டெம்ப்ளேட். சொந்தத் தொழிலில் இவ்வளவு கேவலப்பட்டதில்லை.

இந்த டிசம்பரில் அந்தப் பெண்ணை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கடைசி வருடம் படிக்கிறாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இடம் கிடைத்த அன்றைக்கு ராத்திரி நடந்ததை அப்போதுதான் சொன்னாள். "என்னத்தா எழுதுன, எனக்கும் வாசிச்சுக் காட்டு" என்று அப்பா கேட்டிருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றைத் தமிழில் வாசித்தாளாம்.

எட்டாவதிலிருந்து அவள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். தினமும் மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலை, கமிஷன் கடைக்காரர் அப்பாவுக்கு என்ன விலை போட்டார், எடையில் எவ்வளவு கழித்தார். ஒரு முகூர்த்த நாளில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் கடையை மாற்றியிருக்கிறார். அதற்கப்புறம் கொல்லையில் எதைச் செய்தாலும், "நோட்ட எடு" என்பாராம்.

"ஏம்மா, இத எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையேண்ணே. இதெல்லாம் என்ன பெருசுன்னு நானும் விட்டுட்டேன்."

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். முழுசையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாராம். பிறகு, "மார்கழி வெலய மாத்தி எழுதிப்புட்டியே. அந்த வருசம் பனி முந்திருச்சு, கார்த்திகக் கடைசியிலயே ஏறிருச்சு. திருத்திக் குடுக்க முடியுமான்னு கேளு" என்றாராம்.