திமிங்கிலத்தின் 'சோனார்' கெட்டுப்போனதாம்

2020 மே இறுதியில் ஓர் இளம் கூன்முதுகுத் திமிங்கிலம் மொன்றியல் பழைய துறைமுகத்தின் முன்னால் துள்ளிக் குதித்தது. பெருந்தொற்றால் வீடடங்கிக் கிடந்த சனம் ஆற்றங்கரைக்குத் திரண்டது. ஜூன் 9 அன்று அது வரென் அருகே செத்து மிதந்தது. 2022 மேயில் இரண்டு மிங்கி திமிங்கிலங்கள் வந்தன. இவை ஏன் கடலை விட்டு ஆற்றில் ஏறி வந்தன என்ற பேச்சு எழும்போதெல்லாம் மொன்றியலின் லாசால் பகுதியில் நம்மவர் சொல்லும் விளக்கம் இது: திமிங்கிலம் எதிரொலியால் வழி பார்க்கிறது, நீரில் ஒலி நாலரை மடங்கு வேகமாகப் போவதால் குருட்டு வௌவாலைவிட அதற்குக் கூர்மை அதிகம், கப்பல் இரைச்சல் அந்தச் சோனாரைக் கெடுத்துவிட்டது.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதற்படியே சரியில்லை. கூன்முதுகும் மிங்கியும் பல்லில்லாத, வாயில் சல்லடைத் தகடு கொண்ட இனங்கள். எதிரொலியால் இடமறியும் ஆற்றல் பல்லுள்ள திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும்தான் (டொல்பின்) உண்டு. கூன்முதுகு பாடும், ஆனால் அந்தப் பாட்டால் வழி பார்ப்பதாக எவரும் நிறுவியதில்லை. இல்லாத கருவி எப்படிக் கெடும்?

அடுத்தது வேகம். இதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ஒலியின் வேகம் காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீற்றர், நீரில் 1,500. வேகம் கூடினால் அலைநீளமும் கூடும். 50 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 7 மில்லிமீற்றர். நீரில் 3 சென்ரிமீற்றர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளிலிருந்து எதிரொலி சரிவரத் திரும்பாது. ஆகவே வேகம் நுட்பத்தைக் குறைக்கிறது. அதை ஈடுசெய்யத்தான் ஓங்கில் 120 கிலோஹேர்ட்ஸ் வரை ஏறுகிறது. நேரக் கணக்கும் இறுக்கமாகிறது: ஒரு மீற்றர் தொலைவிலுள்ள பொருளின் எதிரொலி காற்றில் 6 மில்லிவினாடியில் வரும், நீரில் 1.3 இலேயே வந்துவிடும். அளக்கக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

நீர் தரும் உண்மையான சலுகை வேறு. காற்று மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை, விழுங்கிவிடும்: 50 கிலோஹேர்ட்ஸில் மீற்றருக்கு ஒரு டெசிபெலுக்கு மேல் இழப்பு. கடல்நீரில் அதன் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் பெரிய பழுப்பு வௌவால் 19 மில்லிமீற்றர் உருண்டையை 5 மீற்றரில்தான் உணர்ந்தது. ஹவாயில் ஓங்கில் ஒன்று 7.6 சென்ரிமீற்றர் உருண்டையை 113 மீற்றரில் கண்டுகொண்டது. உருண்டைகள் ஒரே அளவல்ல என்பது உண்மை. ஆனாலும் இடைவெளி அதைவிடப் பெரிது. அந்தத் தூரத்தைக் கொடுத்தது வேகம் அல்ல, நீர் ஒலியைத் தின்னாமை.

கூர்மை என்ற ஒப்பீடே பொருந்தாது. காற்றில் பூச்சியின் மேல் படும் ஒலி பெரும்பாலும் அப்படியே திரும்பும். மீனின் தசையோ நீரை ஒத்தது. ஒலி உள்ளே நுழைந்து, காற்றுப்பையில் பட்டுத்தான் வலுவாகத் திரும்புகிறது. வௌவால் கேட்பது பூச்சியின் மேற்புறத்தை, ஓங்கில் கேட்பது மீனின் உட்புறத்தை.

'குருட்டு வௌவால்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வௌவாலுக்குக் கண் தெரியும். ஊரில் மரம் நிறையத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியைப் பயன்படுத்துவதே இல்லை. ஏறத்தாழக் குருடு என்றால் அது கங்கை ஓங்கில்தான்: அதன் கண்ணில் வில்லை கிடையாது.

இரைச்சல் கெடுதி செய்வதில்லை என்று சொல்லவரவில்லை. கப்பல் இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், கூன்முதுகின் குரலை அது மூழ்கடிக்கும். ஆனால் 2020இல் செத்த திமிங்கிலத்தின் விஷயத்தில் சந்தேகம் விழுந்தது கப்பல் மோதல் மீது.

எதிரொலியால் வழி பார்க்கும் திமிங்கிலமும் மொன்றியலைக் கடந்தோடும் இதே ஆற்றில் உண்டு. கழிமுகத்தில், தடுசாக் பக்கம் வாழும் வெள்ளைப் பெலூகா அது. 2022 மதிப்பீட்டின்படி எஞ்சியிருப்பவை 1,500 முதல் 2,200 வரை. கோடையில் அங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: படகு பெலூகாவிலிருந்து குறைந்தது 400 மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். கிட்டப் போகச் சொல்லிப் படகோட்டியை நெருக்காதீர்கள்.