பல்லுக்கு முன் எலும்பு

புதுக்குடியிருப்பில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. கீழ்ப்பற்கள் யாவும் விழுந்து பத்தாண்டுகள் ஆகின்றனவாம். கட்டுப்பல் நழுவுகிறது, நாலுபேர் நடுவே பேசவே கூச்சமாயிருக்கிறதாம். கனடாவிலுள்ள மகனோ, “அப்பா, தாடையில் பதிக்கிற பல்லைக் கட்டுங்கோ, காசு அனுப்புகிறேன்” என்கிறார். பார்த்த பல் வைத்தியர், “பின்பக்கத்தில் எலும்பு போதாது; முதலில் அதை வளர்க்கவேண்டும்” என்றாராம். எலும்பை வளர்க்க முடியுமா, மகனின் உழைப்பு வீணாகாதா என்று ஆசிரியர் வினவுகிறார்.

வளர்க்கலாம். பல்லைத் தாங்கும் தாடைவிளிம்பு பல்லுக்காகவே இருப்பது. பல் போனபின் அது கைவிட்ட வயலின் வரம்புபோலக் கரைகிறது. ஓராண்டுக்குள் அகலத்திற் பாதியளவு குறையக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடும். பல் இருக்கும்போதே எலும்பைத் தின்பது முரசு நோய். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 1985 வரை ஹரால்ட் லோ என்பவரின் குழுவினர் ஆராய்ந்தனர். 100க்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவிற்று. 11 பேருக்கு முரசு அழற்சியோடு நின்றுவிட்டது. உலகப் பாடநூல்களில் ஏறிய ஆராய்ச்சி இது. அத்தொழிலாளருக்குப் பல்வைத்தியம் எட்டாதிருந்தமையே அதற்கு வசதியாயிற்று என்பதை எண்ணும்போது நெஞ்சு உறுத்துகிறது.

1952இல் சுவீடன் நாட்டறிஞர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்போடு ஒன்றிப்போனதைக் கண்டார். 1965இல் அவர் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையிற் பதித்தவை, லார்சன் 2006இல் இறக்கும்வரை பயன்பட்டன. பிடித்து நிற்க எலும்பு வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எலும்பு குறைந்த இடத்தில், நோயாளியின் மோவாயிலிருந்தோ தாடையின் பின்புறத்திலிருந்தோ சிறிது எடுத்து வைப்பர். பதப்படுத்திய மனித எலும்பும், மாட்டெலும்புத் துகளும், செயற்கைச் சுண்ணப் பொருள்களும் உண்டு. மாட்டெலும்பு என்றதும் சைவ வீடுகளில் முகஞ்சுளிப்பார்கள். ஆகவே எது வைக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. வைத்த துகளை மெல்லிய சவ்வால் மூடி முரசைத் தைப்பார்கள். அதைச் சட்டமாகக் கொண்டு உடல் புது எலும்பு கட்ட நான்கு முதல் ஒன்பது மாதங்கள் செல்லலாம். புகைபிடித்தலும் கட்டுக்கடங்காத நீரிழிவும் இவ்வேலையைக் கெடுக்கும். எலும்புத் தேய்வுக்கு மருந்து உட்கொள்வோர் அதை மறைக்காமற் சொல்லவேண்டும்.

ஆசிரியர் ஐயா, உங்களுக்கு எலும்பு வளர்த்தல் தேவைதானா என்பதே என் ஐயம். கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு, பின்பக்கத்தது தேய்ந்தபின்னும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அங்கே இரண்டு டைட்டேனிய வேர்களைப் பதித்து, கட்டுப்பல்லை அவற்றில் கொளுவலாம். பற்கள் யாவும் போன கீழ்த்தாடைக்கு இதையே முதற்றெரிவாகக் கொள்ளவேண்டுமென 2002இல், உங்கள் மகன் வாழும் கனடாவிலேயே, மொன்றியால் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர்கள் கூறினர். செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு. முன்பக்க எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் முப்பரிமாணக் கதிர்ப்படத்தில் அளந்து காட்டும்படி வைத்தியரிடம் கேளுங்கள். அந்த அளவு வந்தபின் மகனுக்கு எழுதுங்கள்.